மூன்று மில்லிலீற்றர் மிச்சம்

ஆயிரத்து நானூற்று இருபது கிராம்.
உப்புவெளி மணலைச் சலித்து
துணிக்குள் அடைத்துத் தைத்தவள் ருஸைனா.
ஒரு கரண்டி கூட்டு என்றது தராசு,
அரைக் கரண்டி குறை என்றது,
மத்தியானம் முழுக்க.
தலை மட்டும் கொழும்பிலிருந்து வந்த றப்பர்.
முப்பத்துமூன்று கிழமைப் பிள்ளை,
பெயர் இல்லை,
கட்டில் இலக்கம் நான்கு.

திரைக்குப் பின்னால்
லாப்டொப்புடன் நதீக்க.
பிள்ளையின் மூச்சு அவன் சுண்டுவிரலில்.

தண்ணீரில் கொஞ்சம் மாப்பால் கலந்து
பன்னிரண்டு மில்லிலீற்றர்.
தலையைத் தாங்கினேன், சாய்த்து நிமிர்த்தினேன்,
கோப்பை விளிம்பைக் கீழுதட்டில் வைத்தேன்.
அதுவரைக்கும் சரி.
பிறகு என் கை
எங்கள் வீட்டுக் கையாகிவிட்டது.
இன்னும் ஒரு வாய், என்ர தங்கமெல்லே,
இந்தா முடிஞ்சுது,
கடைசி வாய், கடைசி...

தொண்ணூற்றாறு.
எண்பத்தெட்டு.
எழுபத்தொன்று.

அலாரம் அலறியபோது
ஆஸ்பத்திரி வளவுக்குள் மேய்ந்த மான்
தலையைத் தூக்கி யன்னலைப் பார்த்தது.
றப்பர் உதடு நீலமாகவில்லை,
அதற்கு அந்த வசதி கிடையாது.

"பிள்ளை விரலை விரிச்சது. கண்டனீரா?"
துணிப் பிள்ளைக்கு விரல் ஏது, இரண்டு முட்டிதான்.
திரைக்கு மேலால் தன் கையை நீட்டி
ஐந்தையும் விரித்துக் காட்டியிருக்கிறான் நதீக்க,
இரண்டு தரம்.
வகுப்பே பார்த்திருக்கிறது.
நான் கோப்பைக்குள்
எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது நாங்களே பிள்ளைகள்.
கண்ணைக் கட்டி, கையையும் சேர்த்து
பெட்சீற்றால் சுற்றி, ஒருக்களித்துக் கிடத்தினார்கள்.
எனக்கு ஊட்ட வந்தவள் ருஸைனா.
கிண்ணியாக்காரி.
சகன் நிறையச் சோறு போட்டும்
காணுமா காணுமா என்று கேட்கிற வீடு.

விழுங்கினேன். விழுங்கினேன்.
மூச்சின் முறை வருவதற்குள்
மறுபடியும் தண்ணீர்.
டச்சுக் குடாவில் நீந்தி வளர்ந்தவள் நான்,
மூச்சடக்கி அடியில் சிப்பி பொறுக்கியவள்.
அங்கே எப்போது மூழ்குவதென்பது என் முடிவு.
இங்கே கடல் இன்னொருத்தி கையில்.
போதும் என்று சொல்ல
புருவமும் கால் பெருவிரலும்தான் மிச்சம்.
இரண்டையும் அசைத்தேன்.
கால் பெருவிரலை யார் பார்க்கிறார்கள்?

புரையேறி, மூக்கால் வந்து,
எல்லோரும் சிரித்து முடிந்தபின்
ருஸைனா அழுதாள்.
"இன்னொருக்கா படு" என்றாள்.

இந்த முறை ஊற்றவில்லை.
உதட்டில் ஈரம் தொட்டு நின்றது, அவ்வளவுதான்.
நான் நாக்கை நீட்ட வேண்டியிருந்தது.
ஒரு மிடறு.
அவளுடைய வளையல் அசையவில்லை.
வெளியே மூன்று சக்கரம் ஒன்று போய்
இன்னொன்று வந்து
அதுவும் போயிற்று.
இரண்டாம் மிடறு.
முகத்தைத் திருப்பினேன்.
மேசையில் கோப்பை வைக்கப்படும் சத்தம்.
அவ்வளவு நல்ல சத்தத்தை
அன்றுவரை கேட்டதில்லை.

கார்த்திகை. மழை.
இப்போது கட்டில் நான்கில் மணல் இல்லை.
தாய் யோகமதி சம்பூரிலிருந்து,
ஒரு மணித்தியாலம் பிழிந்தெடுத்த பால்
பன்னிரண்டு மில்லிலீற்றர்.
ஒன்பதில் பிள்ளையின் புருவம் உயர்ந்தது,
கடைவாயில் ஒரு துளி,
பிறகு அந்த ஐந்து விரல்கள்,
அரிசி அரிசியாய்.

நிறுத்தினேன்.
"மிச்சத்தையும் குடுங்கோவன் மிஸ்,
கொஞ்சம்தானே" என்றாள்.
அவள் கண் என் கோப்பைக்குள்.
நானும் அங்கேதான் பார்த்தேன், அக்கா,
என்று சொல்ல வாயெடுத்து,
சொல்லாமல்,
மூக்கிலிருந்த குழாய் சரியாக நிற்கிறதா என்று
முதலில் பார்த்தேன்.

மூன்று மில்லிலீற்றரை சிறிஞ்சியில் ஊற்றி
உயர்த்திப் பிடித்தேன், தள்ளவில்லை.
பால் தன் பாரத்தில் தானே இறங்கியது,
மெதுவாக,
என் தோள் நோகும்வரை.
யோகமதி இப்போது பிள்ளையின் கையைப் பார்த்திருந்தாள்.
விரல்கள் ஒவ்வொன்றாக மூடின.

அட்டவணையில் எழுதினேன்:
வாயால் 9.
குழாயால் 3.